ஈரத்துண்டு ஜோடி

அக்காவும் அவள் கணவரும் பிரிந்ததற்கு யார் காரணம் என்பதில் முகம் தெரியாதவர்களுக்குக்கூட ஒரு தீர்மானம் இருக்கிறது. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த எனக்குத்தான் இல்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். ஊகிக்கும் இடம் வந்தால் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று எடுத்துக் காட்டுவாள். நான் பகலில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போட்டுவிட்டு, மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போவேன். அதனால் மாமாவுக்கு நான் 'கணக்கு'. வேலை முடிந்து இரவில் வந்ததும் கீழே நின்றபடியே எனக்குப் போன் செய்வார்.

"கணக்கு, உங்கக்கா இன்னிக்கு எப்படி இருக்கா? மேல வரலாமா, இல்ல லிஃப்டுலயே படுத்துக்கட்டுமா?"

"வாங்க மாமா. கொஞ்சம் சூடுதான், கொதிக்கல."

அவர்கள் சண்டை போடுவார்கள். நிறையவே போடுவார்கள். ஆனால் எந்தச் சண்டையும் படுக்கப் போகும்வரை நீடித்து நான் பார்த்ததில்லை.

ஊரெல்லாம் பார்த்த அந்த முதல் வீடியோவை எடுத்தது நான்தான். புதிதாக வாங்கிய போனில் கேமரா எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டை நாற்காலியின் முதுகில் போட்டார். அந்த நாற்காலியில் அக்கா கடைக்குப் போட்டுப்போக இஸ்திரி செய்து வைத்த துணி இருந்தது.

"இந்தத் துண்டையும் என்னையும் ஒரே மாதிரிதான் வச்சிருக்கீங்க" என்றாள் அக்கா. "தேவைன்னா தேடுறது. முடிஞ்சா எங்க போட்டோம்னே தெரியாது."

"ஒரே மாதிரி எல்லாம் இல்ல. துண்டு திருப்பிப் பேசாது."

அக்கா துண்டை எடுத்து வீசினாள். அது அவர்மேல் விழாமல் என் போன்மேல் விழுந்தது. படம் இருட்டிவிட்டது. உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு நான் துண்டை விலக்கியபோது அக்கா அதே துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "ஒழுங்கா துவட்டத் தெரியுதா? சளி பிடிச்சா ராத்திரி பூரா இருமுறது யாரு, நானா?" என்பதும் அதில் பதிவாகியிருந்தது.

வகுப்புத் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். அவள் படம் இருட்டுகிற இடத்தோடு நறுக்கி இணையத்தில் போட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் தெருவில் போகிறவர்கள் மாமாவை நிறுத்தி, "அண்ணே, துண்டு காஞ்சுதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 'ஈரத்துண்டு ஜோடி' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நாங்கள் வைத்ததல்ல.

அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? சனிக்கிழமைகளில் சமையலறையில் விளக்குக் கட்டி, வீடியோ எடுக்க ஆரம்பித்தோம். எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. கதை எழுத ஆள் வைக்கவில்லை. வீட்டில் உண்மையாக வருகிற சண்டைதான் சரக்கு. ஆனால் சண்டை சனிக்கிழமை பார்த்து வருவதில்லையே. அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். வாரத்தின் நடுவில் ஏதாவது மூண்டால், பாதியிலேயே கையைத் தூக்குவார்.

"இரு இரு. இது நல்லா இருக்கு. இதை எடுத்து வை."

உடனே பால்கனிக் கொடியில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டுவார். ஒரு கிளிப் என்றால் ஒரு சண்டை பாக்கி. சனிக்கிழமை விளக்கைப் போட்டதும் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து சமையல் மேடைமேல் வைப்பார். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முதலில் இது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அக்காவே சில நாள் அவரை முந்திக்கொண்டு போய்க் கிளிப்பை மாட்டிவிட்டு, "தயாரா இருங்க, சனிக்கிழமை இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புவாள்.

ஆனால் திங்கட்கிழமைக் கோபத்தை சனிக்கிழமைவரை கெடாமல் வைத்திருக்க வேண்டுமே. ஆறிப்போனால் படம் எடுபடாது. அதனால் அக்கா அதை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்.

ஒரு நாள் மாமா என்னைக் கூப்பிட்டு போனில் ஒரு வரைகோட்டைக் காட்டினார். வீடியோவின் எந்த நொடியில் எத்தனை பேர் பார்க்காமல் விலகிப் போகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அது.

"இங்க பாரு கணக்கு. சண்டை வரைக்கும் கோடு மேலயே நிக்குது. உங்கக்கா சிரிச்சுட்டாளோ இல்லையோ, விழுது பாரு. கேபிள் அறுந்த லிஃப்ட்கூட இப்படி விழாது."

"சமாதானம் ஆனா கதை முடிஞ்சுதுன்னு போயிடுறாங்க மாமா."

"அப்ப அதை வெட்டிடு. கதவை அடைக்கிற சத்தத்தோட நிறுத்து."

வெட்டினேன். சில வாரங்கள் கழித்து, "எப்படியும் வெட்டப் போறது, அதை எதுக்கு எடுக்கணும், விளக்கு வேற சுடுது" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கதவை அடைத்ததும் நான் கேமராவை நிறுத்துவேன். மாமா கூடத்திற்குப் போவார், அக்கா படுக்கையறையில் இருப்பாள். இருவரும் அவரவர் போனை எடுத்துக்கொண்டு, போன வாரத்து வீடியோவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படிப்பார்கள். 'அக்காவுக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடைத்திருப்பார்' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 'மாமா பாவம், வாயில்லாப் பூச்சி' என்று எழுதியவர்களும் இருந்தார்கள். யார் எதைப் படித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் அவர்கள் சமாதானம் ஆவார்கள்.

புகழ் வந்ததில் குறையொன்றும் சொல்ல முடியாது. ஒரு துணி நிறுவனம் பெட்டி நிறையத் துண்டுகள் அனுப்பியது. எல்லாவற்றிலும் அவர்கள் இருவரின் முகம். அக்கா பாத்திரம் கழுவிவிட்டுத் தன் முகத்திலேயே கை துடைத்துக்கொள்வாள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி வாங்காமல் அவளோடு படம் எடுத்துக்கொண்டு போனதால் முதலாளி மரியாதையாக அவளை நிறுத்திவிட்டார். மாமாவும் வேலையை விட்டார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், கதவைத் திறந்து தன்னை வெளியே எடுத்தவரைப் பார்த்து, "அட, துண்டு மாமா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஊரே என் அக்காவை அக்கா என்றது. எனக்குத்தான் அவளைக் கூப்பிடக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

அம்மாவிடம் போனில் ஒருமுறை, "இவங்க முன்ன மாதிரி இல்லம்மா" என்றேன்.

"சண்டை போடாத புருஷன் பெண்டாட்டி எங்கடி இருக்காங்க? எல்லாரும் வீட்டுக்குள்ள போடுறாங்க, இவங்க வெளிச்சத்துல போடுறாங்க. நீ படிக்கிற வேலையைப் பாரு."

படிக்கிற வேலையைப் பார்த்தேன்.

அது ஒரு புதன்கிழமை. நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா சமையலறையில் நின்றுகொண்டு, புதிதாக வாங்கிய விளக்கின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு முடியலங்க. நான் போறேன்."

மாமா கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இது நல்லா இருக்கு. எடுத்து வை."

அப்படியே பால்கனிக்குப் போய்க் கிளிப்பை மாட்டினார். கொடியில் துணி காயப்போட இடமில்லாத அளவுக்கு அப்போது கிளிப்புகள் இருந்தன. அக்கா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றாள்.

சனிக்கிழமை விளக்கைப் போட்டேன். மாமா கிளிப்பைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். அக்கா அதே சொற்களை, அதே குரலில் சொன்னாள். எனக்கு முடியலங்க, நான் போறேன். மாமா வழக்கம்போல, "போறதுதான் போற, அந்தத் துண்டை மடிச்சு வச்சுட்டுப் போ" என்றார். அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. நான் நிறுத்தியதும் மாமா என் பக்கம் திரும்பி, "கண்ணுல தண்ணிகூட வந்துச்சு பாத்தியா? பிச்சுட்டா" என்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். வந்திருந்தது.

எங்கள் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். பின்னூட்டத்தில் சிரிக்கிற முகங்களாக வந்து குவிந்தன.

திங்கட்கிழமை அக்கா ஒரு பெட்டியோடு, பழைய கடைத் தோழி தங்கியிருக்கும் மகளிர் விடுதிக்குப் போய்விட்டாள். மாமா முதலில் நம்பவில்லை. காலியான அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டியைத் தூக்கிட்டுப் போனதையாவது எடுத்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோய், அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வேறென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

விடுதியிலிருந்து செய்தி கசிந்தது. பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். 'பிரிவு உண்மையா, விளம்பரமா?' என்று விவாதம் நடத்தினார்கள். எங்களை ஒருமுறைகூடப் பார்க்காத மனநல நிபுணர் ஒருவர், மாமாவின் புருவத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி விளக்கினார். கீழே வாசலில் மைக்கோடு நின்றவர்களுக்கு எங்கள் காவலாளி தினமும் பேட்டி கொடுத்தார். மாமா வெளியே போனால் ஒரு கூட்டம் திட்டியது, அக்கா வெளியே போனால் இன்னொரு கூட்டம். மாமா பேசாமல் இருந்தால் திமிர் என்றார்கள். அக்கா ஒரு நாள் கடைத் தோழியோடு சிரித்துக்கொண்டு நடந்ததைப் படம் பிடித்து, யார் அந்த ஆண் என்று கேட்டார்கள். தோழி முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

அக்கா குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டாள். மாமா எதிர்க்கவில்லை. ஆனால் அவருக்குப் பிரிய மனமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில்தானே இருந்தேன். துண்டை அவரே கொண்டுபோய்க் கொடியில் போட்டார். கிளிப்புகளையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தார்.

நீதிமன்றத்தின் கடைசி ஆலோசனைக்கு முந்தின நாள் விடுதிக்குப் போயிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு மாறிட்டாருக்கா."

"எனக்கு அவரு மாறவே வேண்டாம்டி" என்றாள். "ஒரே ஒரு தடவை, யாரும் பாக்காத இடத்துல, வீட்டுக்கு வான்னு கேக்கட்டும். எனக்காக மட்டும் கேக்கட்டும். வந்துடுறேன்."

"நான் சொல்லட்டுமா அவர்கிட்ட?"

"வாயைத் திறந்தே, உன்கிட்ட பேசவே மாட்டேன். நீ சொல்லிக் குடுத்து அவரு கேட்டா, அது மறுபடியும் சனிக்கிழமைதான்."

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது.

மறுநாள் நீதிமன்றத்தில் குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, எங்க வீட்டுல உங்களைப் பாக்காம யாரும் தட்டுல கை வைக்க மாட்டாங்க" என்றவர், நாங்கள் வந்த காரியம் நினைவுக்கு வந்ததும் தலையைச் சொறிந்தார். ஆலோசகர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்தது.

"நான் எதுவும் கேக்கப் போறதில்ல" என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் தனியா பேசுங்க. அப்புறமும் பிரியணும்னு தோணுச்சுன்னா கையெழுத்துப் போடுங்க. தங்கச்சி, நீ வெளியில இரும்மா."

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. மாமா அவசரமாகக் குளித்துவிட்டு வந்திருந்தார் போல, தலைமுடி ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். மாமா வாயைத் திறந்தார், மூடினார். அக்கா மேசையைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. நான் இவ்வளவு நேரம் அவர்கள் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை.

மாமா எழுந்து வெளியே வந்தார். என் பக்கத்தில் குனிந்தார்.

"கணக்கு, உன் போனைக் குடு."

"எதுக்கு மாமா?"

"ஆன் பண்ண வேண்டாம். அணைச்சுட்டே குடு. சும்மா எதிர்ல இருந்தா போதும்." அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. "அது இல்லாம நாக்கு எழ மாட்டேங்குது."

நான் உள்ளே பார்த்தேன். அக்காவுக்குக் கேட்டிருந்தது.

"வைக்கட்டும்" என்றாள். மெதுவாகச் சிரித்தாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

போனை அணைத்தேன். அணைந்ததை இரண்டு முறை சரிபார்த்தேன். உள்ளே போய் ஜன்னல் விளிம்பில், சுவரில் சாய்த்து வைத்தேன். கறுப்பாக, ஒன்றும் தெரியாமல் நின்றது. வெளியே வந்து உட்கார்ந்தேன்.

உடனே பேச்சு வந்துவிட்டது.

"விடுதியில சாப்பாடு எப்படி?" என்றார் மாமா.

"நீங்க சமைச்சதை விடப் பரவாயில்ல."

"நான் ஒரு தடவைதானே சமைச்சேன்."

"அதான் உயிரோட இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். அக்கா வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார்.

"அந்தப் புதன்கிழமை நீ சொன்னது எனக்குக் கேக்கலை. நீ சொன்னதைக் கேட்டேன், ஆனா கேக்கலை. புரியுதா?"

அக்கா தலையசைத்தாள்.

"இப்பல்லாம் துண்டை நானே கொடியில போடுறேன். யாரும் பாக்கல, சொல்றதுக்கும் யாரும் இல்ல. போட்டுட்டுத் திரும்பினா வீடு வெறிச்சுன்னு இருக்கு." அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்கு வாம்மா. வீடியோ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். திரும்ப லிஃப்ட் வேலைக்கே போறேன். நீ வா."

அக்காவின் முகம் மாறியது. ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் கை மேசைமேல் மெல்ல அவர் கையை நோக்கி நகர்ந்தது.

அப்போது மாமாவின் கண் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போனது. போனுக்கும் அக்காவின் முகத்துக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவர் கை தானாக நீண்டு, பாட்டிலை ஓரமாக நகர்த்தியது.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். மாமா தன் கையைப் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல.

"பழக்கம்" என்றார். "சத்தியமா, பழக்கம்தான். நான் சொன்னது..."

"தெரியும். நீங்க சொன்னது நிஜம்தான்." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் குத்தம் சொல்லலங்க. நீங்க பாட்டிலை நகர்த்துறதுக்கு முன்னாடியே நான் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிட்டேன். அழுகை வரப் போகுதுன்னு தெரிஞ்சதும் திருப்பிட்டேன். அது அணைஞ்சு கிடக்குன்னு தெரிஞ்சும்."

மாமா ஜன்னல் விளிம்பில் இருந்த போனைப் பார்த்தார்.

"நாம வீட்டுக்குப் போனாலும் அது அங்கயும் நிக்கும்" என்றாள் அக்கா. "எடுத்து உடைச்சாலும் நிக்கும்."

கொஞ்ச நேரம் கையைப் பிடித்தபடியே இருந்தார்கள். பிறகு அக்கா கையை எடுத்துக்கொண்டு, பாட்டிலை முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். ஆலோசகர் அம்மா வந்தார். முதலில் அக்கா கையெழுத்துப் போட்டாள். மாமா பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போடுவது என்று கேட்டார். அது அந்தத் தாளில் தெளிவாகவே எழுதியிருந்தது.

வெளியே வாசலில் மைக்குகள் கூடிவிட்டதாகக் குமாஸ்தா வந்து சொன்னார். பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, ஆனால் யாராவது ஒருவர் பார்த்துவிட்டாலும் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள் என்றார். மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கணக்கு, அக்காவைக் கூட்டிட்டுப் பின்னால போ. நான் முன்னால கொஞ்சம் கூத்துக் கட்டுறேன்."

அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் பின்பக்கமாக வெளியேறி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். யாரும் பின்னால் வரவில்லை. பாதி வழி போவதற்குள், எங்களுக்குப் பின் இருக்கையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. யாரோ ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்னத்தைச் சொல்றது? தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான். அதுவும் ஈரத்துண்டு." சுற்றிலும் சிரிப்பு. பிறகு வேறு யாரோ ஏதோ கேட்க, அவர் நீளமாகப் பேசிக்கொண்டே போனார். மூச்சு விடாமல், ஒரு பகடிக்குப் பின் இன்னொரு பகடியாக.

"பெண்டாட்டி போன அன்னிக்கு நக்கலைப் பாரு இவனுக்கு" என்றாள் ஒரு பெண். "அந்தப் பொண்ணு பாவம்."

"எல்லாம் நடிப்பு" என்றார் அவள் பக்கத்திலிருந்தவர். "அடுத்த மாசம் சேந்துடுவாங்க பாரு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்த்திருந்தாள். அந்தக் குரல் ஓயும்வரை கேட்டாள். பின்னால் இருந்தவர் வேறு எதையோ பார்க்கத் தொடங்கியபிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"தலை துவட்டவே இல்ல, பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சளி பிடிக்கும்" என்றாள்.